அனத்தோல் லெ பிராஸ்

லெ பிராஸ், அனத்தோல் (1859–1926): பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள பிரித்தானி வட்டாரத்தின் வாய்மொழி வழக்காறுகளைத் திரட்டிய நாட்டாரியல் அறிஞர், எழுத்தாளர், ரென் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1859 ஏப்ரல் 2 அன்று சேன் செர்வே என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். வீட்டைச் சுற்றிலும் ஒலித்தது பிரெத்தோன் மொழி. பள்ளிக்கூடத்திலோ அதற்கு இடமில்லை. வகுப்பில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரச்செருப்பு போன்ற ஏதாவதொன்றைத் தொங்கவிட்டு அவமானப்படுத்தும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது.

பாரீசில் படித்துவிட்டு, 1886இல் கெம்பேர் நகர உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். அங்கே ஆவணக் காப்பாளராக இருந்த பிரான்சுவா மரீ லூசெல்தான் அவருடைய வழியைத் தீர்மானித்தவர். 1839இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'பார்சாஸ் பிரெய்ஸ்' பாடல் தொகுப்பின் நம்பகத்தன்மையைக் கேள்விக்கு உள்ளாக்கியவர் லூசெல். கேட்டதைக் கேட்டபடியே எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. இருவரும் சேர்ந்து 1890இல் நாட்டுப்பாடல்களைப் பிரெத்தோன் மூலத்தோடும் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடும் இரு தொகுதிகளாக வெளியிட்டனர்.

லெ பிராஸின் பெயரை நிலைநிறுத்திய நூல் 1893இல் வந்த 'கீழ் பிரித்தானியில் மரணத் தொன்மங்கள்'. போர் பிளான் கடற்கரையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் தையல்காரிகள், மீனவர்கள், குடியானவர்கள் சொன்ன கதைகள் இதில் உள்ளன. மரணத்தின் ஏவலாளான அங்கூ கிரீச்சிடும் வண்டியில் வருவான். அவனுடைய அரிவாளின் கூர் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். ஓராண்டில் ஊரில் கடைசியாக இறந்தவரே மறு ஆண்டுக்கு அங்கூ. இறந்தோரை நினைவுகூரும் ஆன்மாக்கள் நாளின் இரவில் வீட்டார் மேசைமீது தயிரும் சூடான க்ரேப்பும் ஆப்பிள் மதுவும் படைத்து, அடுப்பை அணைக்காமல் படுக்கப் போவார்கள்; செத்தவர்கள் குளிர்காய வேண்டுமே! ஒவ்வொரு கதையின் முடிவிலும் சொன்னவர் பெயரையும் ஊரையும் லெ பிராஸ் குறித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் நூலின் சான்றாளர்களாக மதித்த இந்தச் செயல் அவருடைய பெரும் பெருமை. குறையும் உண்டு: கதைகள் பிரெஞ்சு நடையில் மெருகேற்றப்பட்டிருக்கின்றன, சொன்னவர்களின் பிரெத்தோன் சொற்கள் நூலில் பெரும்பாலும் இல்லை.

1898இல் தொடங்கிய பிரித்தானி வட்டார ஒன்றியத்தின் முதல் தலைவர் அவரே. 1901இல் படகு விபத்தில் தந்தையையும் குடும்பத்தார் பலரையும் பறிகொடுத்தார். அதே ஆண்டில் ரென் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1924 வரை பிரெஞ்சு இலக்கியம் கற்பித்தார்; அமெரிக்காவிலும் சொற்பொழிவாற்றினார். 1902இல் மரண நூலின் விரிந்த பதிப்பு வந்தது. சக பேராசிரியர் ஜார்ஜ் தொத்தேன் அதில் அயர்லாந்து, வேல்ஸ் வழக்குகளோடு ஒப்பிட்டுக் குறிப்புகள் எழுதினார். செல்திய நாடக வரலாறு பற்றிய லெ பிராஸின் முனைவர் பட்ட ஆய்வு 1904இல் முடிந்தது. பிரெத்தோன் சமய நாடகங்கள் தொன்மையான செல்திய மரபிலிருந்து வந்தவை அல்ல, பிரெஞ்சு நாடகங்களைத் தழுவியவை என்று அதில் நிறுவினார். தன் மண்ணின் பெருமையைப் பாடிய ஒருவர், சான்று எதிராக நின்றபோது சான்றின் பக்கம் நின்றது சாதாரண நேர்மையன்று.

1926 மார்ச் 20 அன்று மாந்தோன் நகரில் காலமானார். பிரெத்தோன் மக்களின் மரண நம்பிக்கைகளை ஆராய்பவர்கள் முதலில் கையிலெடுக்க வேண்டியது அவருடைய 1902ஆம் ஆண்டுப் பதிப்பைத்தான்.