கல்முனைக் கரையில் அரபுமொழி: ஓதலும் உரையாடலும்

ஏட்டிலே ஒரு நடையும் நாவிலே வேறொரு நடையுமாகத் தமிழ் வழங்குதல் யாவரும் அறிந்ததே. இவ்விருநிலை வழக்கு அரபுமொழியில் இன்னும் ஆழமானது. அமெரிக்க மொழியியலறிஞர் சார்ல்ஸ் பெர்கூசன் 1959இல் இதனை ஆராய்ந்தபோது எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளுள் அரபும் ஒன்றாகும். திருக்குர்ஆனையும் பழம் பாடல்களையும் அளவாகக்கொண்டு இலக்கண ஆசிரியர்கள் வரையறுத்த செம்மொழி 'புஸ்ஹா' எனப்படும். மக்கள் பேசுவது 'ஆம்மிய்யா' எனப்படும். 'இப்பொழுது' என்னும் பொருளில் செம்மொழி 'அல்ஆன்' என்னும். கெய்ரோவார் 'தில்வஃதி' என்பர். டமஸ்கஸ் நகரத்தார் 'ஹல்லஃ' என்பர். வளைகுடா நாட்டார் 'அல்ஹீன்' என்பர்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாகப் பொத்துவில் வரையுள்ள முஸ்லிம் ஊர்களின் தாய்மொழி தமிழே. அங்கு அரபு வேதமொழியாகவே வேரூன்றியது. பிள்ளைகள் பாடசாலையிற் 'படிப்பர்'. குர்ஆன் மத்ரஸாவில் 'ஓதுவர்'. இவ்விரு வினைகளின் வேறுபாடே வரலாற்றுச் சான்றாகும். ஓதற்கு எழுத்தும் ஒலிப்பும் வேண்டும். பொருளுணர்ச்சி பின்னரே வரும், பலருக்கு வராமலும் போகும்.

வழக்கிலுள்ள கடன்சொற்களும் இதனை வலியுறுத்துகின்றன. இறப்பினை இவ்வூரார் 'மௌத்து' என்பர். கெய்ரோவிலும் வளைகுடாவிலும் பேச்சில் அச்சொல் 'மோத்' என்றே ஒலிக்கும். பாவடியைக் குறிக்கும் 'பைத்' என்னுஞ் சொல் செம்மொழியில் வீட்டையும் குறிப்பது; வீட்டைக் குறிக்குமிடத்து அப்பேச்சுவழக்குகளில் அது 'பேத்' ஆகும். ஆகவே, இக்கரைக்கு வந்த சொற்கள் பெரும்பாலும் அரபுக் கடைத்தெருவினின்றன்றி, ஓதுமிடத்தினின்றே வந்தன எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஓதலுக்கும் உணர்தலுக்கும் இடைப்பட்ட வெளியை முன்னோர் ஓரளவு நிரப்பியது அரபுத்தமிழினால். அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்காக அரபெழுத்துக்களிற் புள்ளியும் குறியும் இட்டுப் புதிய எழுத்துக்களை ஆக்கித் தமிழை எழுதினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இவ்வெழுத்தில் எழுதிய மார்க்க நூல்கள் ஈழத்திலும் பரவின. தமிழெழுத்து அறியாத பெண்களும், ஓதக்கற்ற எழுத்தைக்கொண்டு தம் தாய்மொழியில் மார்க்கத்தை உணர்ந்தனர். தமிழ்ப் பாடசாலைகளும் அச்சுநூல்களும் பெருகவே அரபுத்தமிழ் அருகிற்று.

பின்னர் இருவேறு அரபு அறிவுகள் இக்கரையில் எதிர்ப்பட்டன. அரபுக் கல்லூரிகளில் இலக்கணமும் விரிவுரை நூல்களும் கற்று மௌலவிகள் வெளிவந்தனர். ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் 2005இல் இஸ்லாமியக் கற்கைகள், அரபுமொழிப் பீடம் தோன்றியது. மறுபுறம், 1970களின் எண்ணெய் வளத்தைத் தொடர்ந்து வளைகுடாவுக்குத் தொழில்நாடிச் சென்ற ஆடவரும் பெண்டிரும் தொழிற்றலத்திலும் சமையலறையிலும் செவிவழியே பேச்சரபியைக் கற்றனர். கற்றவர் கடைக்காரனோடு பேசத் தடுமாறுவதும், சரளமாகப் பேசுவோர் ஒரு நூலடியைப் பொருள்கொள்ள இயலாதிருப்பதும் இதனால் நேர்ந்தன. முன்னவரை 'ஏட்டுச் சுரைக்காய்' என்றும் பின்னவர் பேச்சைக் 'கொச்சை' என்றும் இகழ்தல் எளிது.

எனினும் இரண்டு இகழ்ச்சியும் நேரியவல்ல. பேச்சுவழக்கு ஒவ்வொன்றிற்கும் தனக்கென ஒழுங்கு உண்டு. செம்மொழியோ இன்று எவர்க்கும் தாய்மொழியன்று. அரபுச் சிறுவரும் அதனைப் பள்ளியிலேயே முறையாகக் கற்கின்றனர். அதன் இலக்கணத்தின் முதற்பெருநூலாகிய 'அல்கிதாப்', 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீபவைஹி என்னும் பாரசீகரால் இயற்றப்பட்டது. பிறப்பால் அரபியல்லாதார் அம்மொழியில் ஆசானாதல் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஓதல், பொருளுணர்தல், உரையாடல் ஆகிய மூன்றும் மூன்று கல்விகள். ஒன்றைக் கற்பித்துவிட்டு மற்றிரண்டையும் மாணவனிடம் எதிர்பார்ப்பதாலேயே, பல்லாண்டு கற்றும் 'எனக்கு அரபு வராது' என்னும் சோர்வு அவனுக்கு உண்டாகின்றது. எக்கல்வியை எதன்பொருட்டு அளிக்கின்றோம் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவித்தல் ஆசிரியர் கடனாகும்.