வெள்ளி ரூபாயின் அரிய ஆண்டுகள்

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து சேலையூரிலும் தாம்பரத்திலும் குடியேறிய சமணக் குடும்பங்களின் பெட்டகங்களில், முன்னோர் வைத்துச் சென்ற ராணி தலை, ராஜா தலை வெள்ளி ரூபாய்கள் சில இன்றும் இருக்கக்கூடும். குத்துவிளக்கோ தட்டோ செய்வதற்காக அவற்றை உருக்கக் கொடுக்குமுன், ஒவ்வொன்றிலும் பொறித்துள்ள ஆண்டை நோக்குதல் நலம்.

1835 முதல் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் பொதுவாக வெளிவந்த ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. பழைமை மிகுந்ததே அரியது என்பது பலரின் எண்ணம். அது பிழை. விக்டோரியா அரசியின் 1862 ஆம் ஆண்டு ரூபாய் இன்றும் எளிதில் கிடைக்கிறது. காரணம், 1874 வரை அதே ஆண்டைப் பொறித்தே நாணயங்கள் அச்சிடப்பட்டன.

அதற்கு மாறானது 1911 ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். மன்னரின் ஆடையணியில் இருந்த யானையின் துதிக்கை குறுகியிருந்ததால், அது பன்றியெனத் தோன்றி மக்களிடையே எதிர்ப்பை எழுப்பியது. சுமார் 94 லட்சம் அச்சிடப்பட்டும் 7 லட்சம் அளவே வெளிவந்தன என்று நாணய நூல்கள் குறிக்கின்றன. எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912 இல் துதிக்கை திருத்தப்பட்டது.

அனைத்திலும் அரியது ஆறாம் ஜார்ஜின் 1939 ஆம் ஆண்டு ரூபாய். போர் மூண்டதும் மக்கள் வெள்ளியைப் பதுக்கினர். 1940 இல் ரூபாயின் வெள்ளி சரிபாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய ரூபாய்கள் படிப்படியாகச் செல்லாதவையாயின. 1947 இல் நிக்கல் ரூபாய் வந்தது.

உலைக்களமே அருமையை வகுப்பது நம் நாட்டில் மட்டுமன்று. 1918 இல் இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு நேர்ந்தபோது, அமெரிக்கா பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, பெரும்பகுதியை இந்தியாவின் தேவைக்கே விற்றது. அங்கும் சில ஆண்டுகளின் டாலர்கள் அதனால் அரியவையாயின.

அருமை உள்ள இடத்தில் வஞ்சனையும் நுழையும். 1938 ஆம் ஆண்டு ரூபாயின் 8 என்னும் இலக்கத்தை 9 ஆகச் செதுக்கி விற்போர் உண்டு. ஆகவே இறுதி இலக்கத்தை உருப்பெருக்கியால் பார்த்து, மற்ற இலக்கங்களின் உயரத்தோடும் வடிவோடும் ஒப்பிட வேண்டும். எடையும் நிறுத்தறிதல் வேண்டும். வார்ப்புப் போலியை அது காட்டும். ஆனால் செதுக்கிய உண்மை ரூபாயின் எடை மாறாது. புளியிட்டுத் தேய்த்தால் நாணயத்தின் மதிப்புக் குன்றும்.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், கள்ளாமை அணுவிரதத்தின் குற்றங்களுள் குறைந்த அளவைகளையும் போலிப் பொருள் வாணிகத்தையும் சேர்த்துக் கூறுகிறது. 1939 ஐ நாடி வாங்குவோரும், பெட்டகத்திலிருந்து எடுத்து விற்போரும் இதை நினைவிற் கொள்ளத்தக்கது. போலியெனத் தெரிந்த நாணயத்தைப் பிறர் கையில் தள்ளாமல் நிறுத்திக்கொள்ளும் இல்லறத்தாரிடமே அவ்விரதம் நிலைபெறுகிறது.