பக்கிள் பொத்தானும் 209ஆம் தரவிதியும்

அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் வரலாற்றைப் பேசுவோர் அனைவரும் ஜெரி மேஷாவும் டேவிட் ஹார்ஃப்ஸ்டும் 1990இல் வெளியிட்ட ‘தி ஸ்ட்ரகிள் ஃபார் ஆட்டோ சேஃப்டி’ நூலுக்குக் கடன்பட்டவர்கள். வண்டி உருவாகும்போதே பாதுகாப்பை உறுதிசெய்யும் விதிகளை வகுப்பதே 1966 சட்டத்தின் நோக்கம். அவ்விதிகளை நீதிமன்றங்கள் துருவி ஆராய்ந்தன. 1972இல் கிறைஸ்லர் வழக்கிலும் 1978இல் பேக்கார் வழக்கிலும் விதிகள் அடிபட்டன. குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் செய்யும் ரீகாலுக்கு அத்தகைய தடை இல்லை. எனவே நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விதியாக்கத்திலிருந்து பின்வாங்கி ரீகாலில் ஒதுங்கியது என்றும், அதனால் காக்கப்பட்ட உயிர்கள் சொற்பம் என்றும் இருவரும் முடிவுகட்டுகிறார்கள்.

வழக்குகளைப் பற்றி அவர்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ரீகால் கடிதம் வந்தும் வண்டியைக் கொண்டுவராத உரிமையாளர்கள் ஏராளம் என்பதும் உண்மையே. ஆனால் ரீகாலை விதியின் தோல்வியாக மட்டுமே காண்பது பிழை. விதியை எழுதியவர்களின் கண்ணுக்குப் படாததை ரீகால் கண்டுபிடித்த இடமும் உண்டு.

சீட் பெல்ட்டுக்கான 209ஆம் தரவிதியை வரிவரியாகப் படித்தால் இது விளங்கும். பெல்ட்டின் நாடாவை 100 மணி நேரம் கார்பன் ஆர்க் விளக்கொளியில் வைக்க வேண்டும். அதன் பிறகும் முன்பிருந்த வலுவில் 60 விழுக்காடாவது எஞ்ச வேண்டும். பிளாஸ்டிக் பாகங்களுக்கோ வெப்பத் தாங்குதிறன் சோதனை உண்டு, ஒளிச் சோதனை இல்லை. இன்னொரு வரி இதைவிட முக்கியமானது. உலோகத்தோடு உலோகம் பூட்டும் பக்கிள் அரைகுறையாக மாட்டியிருந்தால், 5 பவுண்டு விசைக்குள் கழன்றுவிட வேண்டும் என்கிறது அது. பூட்டியதுபோல் ஏமாற்றும் பக்கிளின் ஆபத்தை வரைவாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் மனத்தில் இருந்தது புதிய, உலோகப் பக்கிள் என்றே கருதுகிறேன். ‘உலோகத்தோடு உலோகம்’ என்ற அந்தத் தொடரைத் தவிர இதற்கு வேறு சான்று என்னிடம் இல்லை. ஆயினும் நாடாவுக்கு வெயிலை நினைத்தவர்கள் பக்கிளைத் திறக்கும் பிளாஸ்டிக் பொத்தானுக்கு நினைக்காததை வேறெப்படி விளக்குவது?

விதி காணத் தவறிய இந்த இடத்தை ரீகால் கண்டது டகாட்டா நிறுவனம் செய்த பக்கிள்களில். அவற்றின் பொத்தான் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனது. ஆண்டுக்கணக்கில் புறஊதா ஒளி பட்டதில் அது நொறுங்கும் தன்மை அடைந்தது என்பதே நிர்வாகத்தின் விசாரணையில் எழுந்த ஐயம். உடைந்த துணுக்குகள் உள்ளே விழுந்தால் பக்கிள் பூட்டாமல் போகலாம், பூட்டியபின் திறக்காமல் போகலாம். பயனர்களே முறைகேடாகக் கையாண்டார்கள் எனச் சில நிறுவனங்கள் வாதிட்டன. ஒரே வகைப் பொத்தான் பல நிறுவனங்களின் கார்களில் உடைந்த பிறகு அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1995இல் ஹோண்டா, நிஸ்ஸான், மஸ்டா உள்ளிட்ட நிறுவனங்களின் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ரீகால் செய்யப்பட்டன. உரிய காலத்தில் தெரிவிக்கத் தவறியதற்காக ஹோண்டாவுக்கும் டகாட்டாவுக்கும் தலா 50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

குறை எந்த ஆண்டில் தெரியவந்தது என்று அறுதியிடுவது கடினம். ரீகால் பட்டியலில் உள்ள வண்டிகள் 1986 முதல் 1991 வரை தயாரானவை. 1991உடன் பட்டியல் முடிவதால் அப்போதே பொத்தானின் பொருளை மாற்றிவிட்டார்கள் என ஊகிக்கத் தோன்றும். அந்த ஊகத்தை முடிவாக முன்வைக்க மாட்டேன்.

மேஷாவும் ஹார்ஃப்ஸ்டும் ரீகாலை எடைபோட்டபோது பொருளின் முதுமையைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதே என் முதன்மையான மறுப்பு. இலவசப் பழுதுநீக்கத்தைக் கட்டாயமாக்கிய 1974 திருத்தம் அதற்கு 8 ஆண்டு வரம்பு வைத்தது. 1986இல் விற்ற கார் 1995இல் அந்த வரம்பைக் கடந்திருந்தது. வரம்பு 2000இல் 10 ஆண்டாகவும் 2015இல் 15 ஆண்டாகவும் நீண்டது. இந்த நீட்டிப்புக்குப் பக்கிள்தான் காரணம் என்று சொல்ல இடமில்லை. 2000 சட்டத்தின் உடனடித் தூண்டுதல் ஃபயர்ஸ்டோன் டயர் விவகாரமே.