யொருபா மொழியில் இஸ்லாத்தின் சுவடுகள்

நைஜீரியாவின் தென்மேற்கிலும் அதனை அடுத்த பெனின் நாட்டிலும் வாழும் பேரினத்தார் யொருபா மக்கள். இஸ்லாம் அவர்களிடம் வடதிசை வணிகர் வழியே வந்தது. மாலி நாட்டினர் கொணர்ந்த சமயமாதலின் அதற்கு 'இமாலே' எனப் பெயர் அமைந்தது என்பர் அறிஞர். 19ஆம் நூற்றாண்டில் இலோரின் நகரம் சொகோட்டோ கலீபாவின் ஆட்சிக்குட்பட்ட அமீரகமாயிற்று.

ஆட்சி எட்டாத இடங்களுக்கும் சொற்கள் சென்றன. தொன்றுதொட்டு நான்கு நாள் வாரத்தைக் கணக்கிட்டு வந்த மக்களிடையே ஏழு நாள் வாரம் பரவியது. வியாழனுக்கு 'அலாமிசி', வெள்ளிக்கு 'ஜிமோ' என அரபு வழிப் பெயர்கள் வழங்கலாயின. நலத்தைக் குறிக்கும் 'அலாஃபியா', வேண்டுதலைக் குறிக்கும் 'அதுரா', விளக்கைக் குறிக்கும் 'ஃபிதிலா' ஆகியனவும் அவ்வாறே வந்தவை.

பின்வந்த கிறித்துவரும் இச்சொற்களை விலக்கினாரல்லர். பேராயர் சாமுவேல் அஜாயி குரோதரின் வரலாறே இதற்குச் சான்று. 1821இல், சிறுவனாயிருந்த அவரை, ஓயோ முஸ்லிம்களும் ஃபுலானியரும் அடங்கிய படை சிறைபிடித்தது. அடிமையாக அவர் விற்கப்பட்டார். பின்னர் விடுதலை பெற்றுக் கல்வியில் சிறந்த அவர், 1884இல் நிறைவுற்ற யொருபா விவிலிய மொழிபெயர்ப்பில் முதன்மைப் பங்காற்றினார். குருவைக் குறிக்க அவர் தேர்ந்த சொல், முஸ்லிம் சமய அறிஞர்க்கு வழங்கிய 'அலுஃபா' என்பதே! மக்கள் அறிந்த சொல்லைப் பகை கருதி அவர் ஒதுக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டில் எழுந்த 'அலாதுரா' திருச்சபைகளின் பெயரிலும் 'அதுரா' உறைகிறது. முஸ்லிமும் கிறித்துவரும் ஒரே குடும்பத்தில் வாழ்வது யொருபா நாட்டில் இயல்பு. அவர்தம் சமயங்கள் வேறு. வேண்டுதலைக் குறிக்கும் சொல்லோ ஒன்றே. மொழி வரலாறு பயிலும் மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.