இளங்கோ என்பது பெயரல்ல

குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது உலகத்தில் பலரும் இரண்டு பொருத்தம் பார்க்கிறார்கள். மூத்த குழந்தையின் பெயரோடு சேர்கிறதா என்பது ஒன்று. குடும்பப் பெயரோடு சேர்கிறதா என்பது மற்றொன்று. இரண்டாவது பொருத்தம் தனக்கு இல்லை என்றும், முதலாவது வெறும் ஓசைப் பிரச்னை என்றும் தமிழன் நினைத்துக்கொண்டிருக்கிறான். எனக்கு இரண்டாவதாக ஒரு பையன் பிறந்து இருபது நாளாகிறது. மூத்தது பெண். இந்த இருபது நாளும் வீட்டில் நடக்கும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததில், இந்த இரண்டு எண்ணமும் தவறு என்று எனக்குப் படுகிறது.

குடும்பப் பெயரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் வங்கியில் குமாஸ்தா. கணக்குத் தொடங்க வருகிறவர் ஒற்றைப் பெயரோடு வந்து நிற்கிறார். திரையில் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவது காலியாக இருந்தால் யந்திரம் மேலே நகராது. வேறு வழியில்லாமல் தகப்பன் பெயரைப் போடுகிறோம். அதற்குப் பிறகு வரும் கடிதங்களில், செத்துப்போன தன் தகப்பனின் பெயரால் அவர் விளிக்கப்படுகிறார். சிலர் திரும்பி வந்து புகார் சொல்கிறார்கள். பெரும்பாலோர் சொல்வதில்லை.

இந்தக் காலிக் கட்டத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. முல்லைப்பாட்டின் ஆசிரியர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். ஊர், தகப்பன் செய்த தொழில், அப்புறம்தான் ஆள். இனிஷியல் என்று ஆங்கிலத்தில் சொன்னாலும், ஈ.வெ. என்பதில் ஈரோடும் வெங்கடப்பரும் நிற்கும் வரிசை இதுவேதான். தமிழ்ப் பெயர் முன்னால் இருப்பவர்களைச் சொல்லிவிட்டுத் தன்னிடம் வருகிறது. குடும்பப் பெயரைப்போல வாலில் கொண்டுபோய்க் கட்டுவதில்லை.

வாலில் கட்டிய ஒன்று நம்மிடமும் இருந்தது. அது ஜாதிப் பட்டம். பிள்ளை, முதலியார், நாயக்கர், ஐயர் எல்லாம் குடும்பப் பெயரின் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. சூரியநாராயண சாஸ்திரி (1870–1903) தன்னைப் பரிதிமாற்கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்டபோது சூரியன் பரிதியானான், நாராயணன் மால் ஆனான், சாஸ்திரி கலைஞரானார். அதாவது பட்டமும் மொழிபெயர்க்கப்பட்டது, விடப்படவில்லை. விட்டது வேறொரு இயக்கம். 1927 டிசம்பரில் ‘குடி அரசு’ ஆசிரியரின் பெயரிலிருந்து நாயக்கர் போயிற்று. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானம் செய்தது. என் திரையில் காலியாக நிற்கும் கட்டம் அப்போது காலி செய்யப்பட்டதுதான். இந்தியாவின் பிற பகுதிகளில் பெயரைக் கேட்டதும் ஜாதியைத் தெரிந்துகொள்கிறார்கள். இங்கே மேற்கொண்டு இரண்டு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு கேள்வியின் கூச்சத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை.

ஆனால் இதைச் சாதனை என்று எழுதிவிட்டுப் போய்விடவும் முடியாது. விடுவதற்குப் பட்டம் வைத்திருந்தவர்கள் விட்டார்கள். மரியாதையான பெயரே மறுக்கப்பட்டிருந்தவர்களுக்கு விடுவதற்கு எதுவும் இருக்கவில்லை. இன்னொன்று, இந்த முதலெழுத்து ஆணுக்குத்தான் சொந்தம். பெண்ணுக்கு இரவல். கல்யாணமான பெண்கள் மாதிரிக் கையெழுத்தை மாற்றித் தர எங்கள் கிளைக்கு வருகிறார்கள். தகப்பன் எழுத்து போய்ப் புருஷன் எழுத்து வருகிறது. புது எழுத்தைப் பழகாத கை முதலில் பழையதைப் போட்டுவிட்டு அடிக்கிறது. அடித்தல் இருந்தால் நாங்கள் வாங்குவதில்லை. வேறு அட்டை கொடுக்கிறோம். அக்கா, தம்பி இருவர் பெயருக்கும் முன்னால் இன்று ஒரே எழுத்து இருக்கிறது, பொருத்தமாகவே இருக்கிறது. அந்தப் பொருத்தத்தின் ஆயுள் அக்காவின் கல்யாணம் வரை.

இனி உடன்பிறந்தார் பொருத்தம். கரூர் பக்கம் புகழூர் ஆறுநாட்டார் மலையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு மூன்று தலைமுறைச் சேரர்களைச் சொல்கிறது. அதில் மகன் பெருங்கடுங்கோன். அவன் மகன் இளங்கடுங்கோ. பெயர் ஒன்றேதான், பெருமையும் இளமையும்தான் வேறு. செங்குட்டுவனுக்குத் தம்பி என்று மரபு சொல்லும் சிலப்பதிகார ஆசிரியருக்கு அதுகூட இல்லை. இளங்கோ என்றால் இளைய அரசன். அது பெயரல்ல, ஸ்தானம். அண்ணன் ஒருவன் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கே அர்த்தம். பெரியசாமிக்குப் பின் சின்னச்சாமி பிறக்கும் வீடுகள் இன்றும் இந்த வழியில்தான் இருக்கின்றன. பேரன் என்ற சொல்லே பெயரன், பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாத மருமகள் தன் பிள்ளையையே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் வீட்டுப் பெயர் ஒன்று வைத்துக்கொண்டாள். பெயர் என்பது ஏற்கெனவே இருக்கிறவர்களோடு செய்துகொள்ளும் ஒரு ஏற்பாடு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்த ஏற்பாட்டை மாற்றிப் பார்த்த வீடுகளும் உண்டு. 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட சுவாமி வேதாசலம், மறைமலையடிகள் ஆனார். அவருடைய பிள்ளைகளுக்கு முன்பே சைவ சமயக் குரவர் நால்வரின் பெயர்கள் வைக்கப்பட்டிருந்தன. உடன்பிறந்தார் பெயர்ப் பொருத்தத்துக்கு இதைவிடப் பூரணமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். தமிழாக்கத்தில் திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார். மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். சுந்தரமூர்த்தி அழகுரு ஆனார். திருநாவுக்கரசு மட்டும் ஏற்கெனவே தமிழாக இருந்ததால் அப்படியே இருந்தார். மொழி சுத்தமாயிற்று, நால்வர் கலைந்துபோனார்கள். தகப்பனாரின் வரலாற்றை எழுதிய அந்த மகன் மறை. திருநாவுக்கரசு என்றுதான் அறியப்படுகிறார். மகன் பெயர் மாறவில்லை, முதலெழுத்து மாறிவிட்டது. ஒரு இயக்கம் ஒரு வீட்டுக்குள் எவ்வளவு தூரம் போக முடியும், எங்கே நின்றுவிடும் என்பதை இந்தப் பெயர்ப் பட்டியல் காட்டுகிற அளவுக்கு இயக்கத்தின் பிரசங்கங்கள் காட்டுவதில்லை.

இன்னொரு வீடு. மு. கருணாநிதியின் புதல்வர்கள் முத்து, அழகிரி, ஸ்டாலின், தமிழரசு. முதல் பெயர் பாட்டனார் முத்துவேலருடையது. இரண்டாவது, 1949இல் மறைந்த சுயமரியாதைப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரியுடையது. மூன்றாவது, 1953 மார்ச்சில் குழந்தை பிறந்த சில நாட்களில் இறந்துபோன ரஷ்யத் தலைவனுடையது. நான்காவது, மொழியுடையது. ஓசையில் ஒன்றோடொன்று சேராத நான்கு பெயர்கள். ஆனால் வரிசையாகப் படித்தால் குடும்பம், கட்சி, உலகம், மொழி என்று ஒரு மனிதன் யார் யாருக்குக் கடமைப்பட்டதாக நினைத்தான் என்பது தெரிகிறது. பெயர்ப் பொருத்தம் காதில் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரிய வீடுகளின் கதை இது. என் வீட்டில் என் அப்பாவுக்கு மூத்தவர்கள் நான்கு பெண்கள். நான்காவது அத்தையின் பெயர் போதும்பொண்ணு. தமிழ்நாட்டில் இது அபூர்வமான பெயரல்ல. வேண்டாம் என்று பெயர் வைக்கப்பட்ட பெண்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததற்குக் குப்பன், பிச்சை என்று வைத்து எமனை ஏமாற்றப் பார்த்தார்கள். அங்கே பெயர் குழந்தையைக் காப்பாற்றுவதற்கு. இங்கே பெயர் இந்தக் குழந்தைக்கே அல்ல, இனிமேல் வரவேண்டியவனுக்கு. அத்தைக்கு முதியோர் உதவித்தொகை எங்கள் கிளையில்தான் வருகிறது. கையெழுத்துப் போடுவாள். ‘போதும்’ வரை எழுதிவிட்டு, இடம் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு மீதியை எழுதுவாள். பல வருஷம் அதை நான் வெறும் கையெழுத்தாகத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் குழந்தையைப் பார்க்க வந்தாள். வந்தவர்களெல்லாம் “ஒருவழியா பையன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அத்தை அப்படிச் சொல்லவில்லை. “பேரு வெச்சாச்சாடா?” என்றாள். இன்னும் இல்லை என்றேன். தாத்தா பெயரை வைக்கச் சொல்கிறார்கள், அக்கா பேரோடு சேர்கிற மாதிரியும் வேண்டும் என்கிறார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். “எம்பேரு எங்கப்பா வெச்சதுன்னுதான் எல்லாரும் நெனைக்குறாங்க. உங்கப்பன் வெச்சது. பொறக்குறதுக்கு முந்தியே வெச்சுப்புட்டான்” என்று சொல்லிச் சிரித்தாள். அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

தம்பியின் பெயர் அக்காவின் பெயரோடு பொருந்த வேண்டும் என்பதை நான் இப்போது இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். என் பெண்ணின் பெயர் கயல். ஐந்து வருஷமாக அது தனியாக, முழுசாக இருக்கிறது. முகில், நகுல் என்று உறவினர்கள் கொண்டுவரும் பெயர்களில் ஓசைக் குறை ஒன்றுமில்லை. தாத்தா பெயரிலும் எனக்கு விரோதமில்லை. ஆனால் அந்தப் பெயர் இந்த ஐந்து வருஷம் யாருக்கும் ஞாபகம் வராமல் பையன் பிறந்த அன்றைக்கு எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பாட்டனின் பெயரும் பரம்பரையும் அவனுக்காகக் காத்திருந்தன என்றால், அவளுடைய பெயர் அவன் வரும் வரைக்கும் இடத்தை நிரப்ப வைத்தது என்றாகிவிடும். போதும்பொண்ணு என்பதை நாகரிகமாகச் சொன்னதாக ஆகிவிடும்.

முதலெழுத்து விஷயத்தில் முடிவாகிவிட்டது. இரண்டு பேருக்கும் இரண்டு எழுத்து, என் மனைவியுடையதும் என்னுடையதும். கயல் வளர்ந்து என்ன செய்வாள் என்று தெரியாது. மாற்றுவதானால் அவள் மாற்றட்டும். பையனின் பிறப்பைப் பதிவு செய்தாகிவிட்டது. பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம்; பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

கயலைக் கேட்டேன், இவனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று. “தம்பி” என்றாள். அது பெயரில்லை என்று நான் சொல்லவில்லை. இப்போதைக்கு வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.