கேட்பவர் நின்ற இடம்



திரையிசையின் வரலாற்றைப் பெரும்பாலும் அதை உருவாக்கியவர்களின் பக்கமிருந்தே படிக்கிறோம். இசையமைத்தவர் யார், பாடியவர் யார், படம் எத்தனை நாள் ஓடியது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பாட்டை யார் கேட்டார், எங்கே நின்று கேட்டார் என்ற கேள்வி அபூர்வமாகவே எழுகிறது. தலித் வரலாற்றை எழுத வருகிறவர்களுக்கு அது தவிர்க்க முடியாத கேள்வி என்று சொல்லவே இந்த மேடையில் நிற்கிறேன்.

ஊரின் சாவுக்கும் திருவிழாவுக்கும் தண்டோராவுக்கும் பறையடித்தவர்கள் நம் முன்னோர். அது அவர்கள்மேல் ஊழியமாகச் சுமத்தப்பட்டது. எப்போது அடிப்பது, எதற்கு அடிப்பது என்பதை வேறு யாரோ தீர்மானித்தார்கள். தனக்குப் பிடித்த பாட்டைத் தன் பொழுதில் உட்கார்ந்து கேட்பது வேறு விஷயம். அதற்கு ஓய்வு வேண்டும், இடம் வேண்டும், தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். நம்மை வாசிக்க வைத்த ஊர், இந்த மூன்றையும் நமக்குத் தர மறுத்தது.

சென்னையில் 1924இல் ரேடியோ கிளப் தொடங்கியது. 1930இல் மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும் வந்தன. ஆனால் பெட்டி வாங்கப் பணம் வேண்டும், வைத்திருக்க உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். கிராமத்து ஏழைகளுக்கு வானொலி என்றால் பஞ்சாயத்து ரேடியோதான். எங்கள் கிராமத்தில் அது ஊருக்குள் இருந்தது. சேரியிலிருந்து போனவர்கள் திண்ணையில் ஏறாமல் தெருவில் நின்று கேட்டார்கள்.

எதைக் கேட்பது என்பதிலும் மேலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. 1952இல் ஒன்றிய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடலைத் தரம் தாழ்ந்தது என்று கருதினார். அரசு வானொலியில் அதற்கான நேரம் சுருங்கியது. சாஸ்திரிய இசைக்கு முதலிடம் கிடைத்தது. கேட்கிறவர்கள் முள்ளைத் திருப்பிக் கடல் தாண்டிய சிலோன் ரேடியோவைப் பிடித்தார்கள். 1957 அக்டோபரில் அரசே விவித் பாரதியைத் தொடங்கவேண்டி வந்தது. எளிய மக்களின் காது ஓர் அரசின் ரசனையை வளைத்த கதை இது.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை எங்கள் தலைமுறைக்கு இன்னொன்றையும் கொடுத்தது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களை நாங்கள் உச்சரிப்பு உட்பட மனப்பாடம் செய்திருந்தோம். பாட்டு கேட்டு அஞ்சலட்டை போடுகிற நேயர்களின் பெயர்கள் அதில் வாசிக்கப்படும். எழுபதுகளில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் பெயர் அப்படி ஒருநாள் வந்தது. நாங்கள் டீக்கடைக்கு வெளியே, எங்களுக்கென்று ஒதுக்கிய குவளையோடு நின்றுகொண்டிருந்தோம். தெருவில் சின்னப் பையன்கூட அவரை 'டேய்' என்றுதான் கூப்பிடுவான். கடைக்குள் அலமாரிமேல் இருந்த பெட்டி அவரை நேயர் என்றது. கடைக்குள் நம் கால் நுழையாதபோது நம் பெயர் மரியாதையோடு அங்கே ஒலித்தது. அன்று அவர் டீயைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார். 'நேயர்' என்ற சொல்லை நான் வெறும் வானொலிச் சொல்லாக அதற்குப் பிறகு நினைத்ததில்லை.

அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது. மின்சாரம் இல்லாத குடிசையிலும் பேட்டரியில் பாடியது. 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது எங்கள் தெருவே அதைத் தன் வாசலில் உட்கார்ந்து கேட்டது. வயற்காட்டுப் பெண்களின் வாயில் புழங்கும் மெட்டு, பெரிய வாத்தியக் குழுவோடு திரும்பி வந்ததுபோல் இருந்தது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் வாசித்து வளர்ந்தவரின் இசை அது என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஆனால் நம் காது விடுதலையானதும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. நாம் கேட்பதை ஊரும் கேட்கும்போதுதான் புதிய சிக்கல் தொடங்கியது. எங்கள் கோயில் கூழ் ஊற்றும் விழாவில் மைக்செட்டின் இரண்டு குழாய்களில் ஒன்றை ஊர்ப்பக்கம் பார்த்துக் கட்டினார்கள். இருட்டுவதற்குள் ஆள் வந்தது: குழாயைத் திருப்பு. பாட்டு என்னவோ ஊரிலும் எல்லோரும் விரும்பிய பாட்டுதான். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதே தகராறு.

இதை என் கிராமத்துப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஷீர்டியில் தலித் மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய கைப்பேசி அழைப்பொலியாக ஒலித்த அம்பேத்கர் பாட்டில்தான் தகராறு தொடங்கியது என்பது வழக்கு. குழாயிலிருந்து சட்டைப்பைக்குள் பாட்டு இறங்கிய பிறகும் கேட்பவரின் சாதியைத் தேடுகிறார்கள். இந்தப் பின்னணியில்தான் 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியதைப் பார்க்க வேண்டும். நாம் கேட்க விரும்பியதை நாமே உரக்க ஒலிக்கச் செய்த நிகழ்வு அது.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்து முடிக்கிறேன். உங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதன்முதலில் எந்தப் பெட்டியில் பாட்டு கேட்டீர்கள்? அது யாருடைய பெட்டி? நீங்கள் எங்கே நின்றீர்கள்? சொல்வதை அவர்களுடைய வாய்மொழியிலேயே, ஊரும் ஆண்டும் குறித்து எழுதி வையுங்கள். பெண்களிடம் மறக்காமல் கேளுங்கள்; டீக்கடை வாசல்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இசைத்தட்டுகளைச் சேகரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் பதில்களை நாம் சேகரித்தால்தான் உண்டு.

ஜெய்பீம்.