ஒரு தோலுக்காக ஒரு கட்டு

ஆம்பூரில் தோல் பதனிடும் கொட்டகை ஒன்றில், ஜன்னல் வெளிச்சம் நேராக விழும்படி போட்ட நீண்ட மேஜையின் முன் நின்று, ஆட்டுத்தோல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையால் ஒரு தரம் தடவி, உண்ணி கடித்த தழும்பு எது, அம்மை வடு எது, உரிக்கும்போது கத்தி வழுக்கிய கீறல் எது என்று கண்ணும் விரலும் சேர்ந்து நிச்சயித்த பிறகே தரம் பிரித்து அடுக்குகிற பெரியவரை வேடிக்கை பார்ப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். கட்டில் ஒரு தோல் பழுதென்று கட்டு முழுவதையும் அவர் தள்ளி நான் கண்டதில்லை.

2017 ஆகஸ்டில் ஒரு நாள், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு இந்தப் பாலாற்றங்கரையில் தோல் பதனிட்ட பழங்காலத்தின் பூர்வோத்தரங்களைத் தேடி, ஆர்தர் காக்ஸ் துரை 1881-இல் தொகுத்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டை, உலகத்துப் பழம் புத்தகங்களையெல்லாம் படமெடுத்து இலவசமாகப் படிக்கத் தரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற தளத்தில் பார்க்கலாமென்று அந்தக் கொட்டகை வாசலிலேயே கைபேசியைத் திறந்தேன். கையேடு வரவில்லை, தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி இம்முகவரி தடுக்கப்பட்டிருக்கிறது என்ற ஒரு வாசகம்தான் வந்தது.

காரணம் பிறகு தெரிந்தது. இரண்டு ஹிந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகள் பரவாமலிருக்க அவற்றின் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றிருந்தார்கள். அதற்காகக் கொடுக்கப்பட்ட ஜாபிதாவில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன, அவற்றில் இந்தப் புத்தகசாலையும் ஒன்று. படங்களில் ஒன்று ஷாருக் கான் நடித்த 'ஜப் ஹாரி மெட் செஜல்'. ஷாருக் கானுக்கும் காக்ஸ் துரைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று கேட்கத் தோன்றியது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. 1996 முதல் நடந்துவரும் அந்தப் புத்தகசாலையின் நிர்வாகிகளே தங்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை என்றார்கள்.

ஒன்றுக்காக முழுவதையும் மூடும் இந்த வழக்கத்துக்கு நம் தேசத்தில் அதற்குள் பதினான்கு வயது ஆகியிருந்தது. 2003 செப்டம்பரில், மேகாலயத்துத் தீவிரவாத இயக்கமொன்றின் சிறு குழுவை யாஹூவில் தடுக்கும்படி சர்க்கார் உத்தரவிட்டபோது, அந்த ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கும் சாமர்த்தியம் தங்கள் இயந்திரங்களுக்கு இல்லையென்று இணைய இணைப்புத் தரும் கம்பெனிகள் யாஹூ குழுக்கள் அனைத்தையும் மூடின. சமையல் குறிப்பும் சங்கீத விசாரமும் கூடவே மூடுண்டன. 2006 ஜூலையில், பம்பாய் ரயில் குண்டுவெடிப்புக்கு அடுத்த சில நாட்களில், பதினேழு பதினெட்டு பக்கங்களுக்காக பிளாக்ஸ்பாட் என்ற வலைப்பதிவுத் தளம் முழுவதும் இருண்டது.

நமக்கு மிகவும் கிட்டிய உதாரணம் 2012-இல் நடந்தது. '3' என்ற தமிழ்ப் படத்தைத் திருட்டுப் பிரதிகளிலிருந்து காப்பாற்ற சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவில் பிரதிவாதிகளுள் பேர் தெரியாதவர்களும் அடக்கம். இன்னாரென்று அறியப்படாத பிரதிவாதிக்கு நம் நீதிமன்றங்கள் வைத்திருக்கும் பேர் அசோக் குமார்; எந்தத் தப்பும் செய்யாத அசோக் குமார்கள் இதை எப்படி ஏற்கிறார்களோ! அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனிகள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் ஆகிய தளங்களை அடியோடு அடைத்தன. குறிப்பிட்ட பக்கங்களைத்தான் தடுக்க வேண்டும், தளம் முழுவதையும் அல்ல என்று நீதிமன்றமே ஜூனில் தெளிவுபடுத்த நேர்ந்தது. அவ்வளவு தெளிவாகச் சொன்ன அதே நீதிமன்றத்தின் பேரால்தான் ஐந்து வருஷம் கழித்து ஒரு புத்தகசாலை மூடப்பட்டது என்பதை எண்ணும்போது, கம்பெனிகளைக் காட்டிலும் ஜாபிதா தயாரிப்பவர்களின் அசட்டையையே நான் அதிகம் குறை சொல்வேன்.

இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. முன்பெல்லாம் வலைப்பக்கத்துக்கான கோரிக்கை, தபால் கார்டு போல, முழு விலாசமும் விஷயமும் வழியில் எவரும் படிக்கும்படி போயிற்று. இப்போது அது ஒட்டிய உறைக்குள் போகிறது. வெளியே தெரிவது வீட்டின் பேர் மட்டுமே. எந்த அறைக்கு என்பது தெரியாது. ஆகவே ஓர் அறையைப் பூட்ட நினைப்பவன் வீட்டையே பூட்டுகிறான்.

வார்த்தையை மட்டும் பார்த்துத் தள்ளுகிற சல்லடைகளின் கதை வேறு. 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்கள், ஊர்ப் பெயரின் நடுவே ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துக்கள் அமைந்துவிட்ட குற்றத்துக்காக, ஏஓஎல் என்ற இணையக் கம்பெனியில் கணக்குத் திறக்க முடியாமல் தவித்தார்கள். ஆட்டுத்தோலை 'ஸ்கின்' என்றும் மாட்டுத்தோலை 'ஹைட்' என்றும் நாள் முழுவதும் சொல்லிப் பிழைக்கும் எங்கள் பக்கத்து வியாபாரி, அத்தகைய சல்லடையின் முன் என்ன பாடுபடுவார் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சர்க்கார் தரப்பில் நடப்பதோ பெரும்பாலும் வெளியே வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 2009-இல் வகுத்த விதிகள் தடைக் கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. 2015-இல் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லுபடியாக்கியது. ஆனால் எல்லாருக்கும் ஒரே உத்தரவு போனாலும் எல்லாரும் ஒரேமாதிரி தடுப்பதில்லை. ஆறு கம்பெனிகளைச் சோதித்து 2020-இல் வெளியான ஆய்வொன்று, 4,379 தளங்களைப் பரீட்சித்து, அவற்றில் 1,115 மட்டுமே ஆறிலும் தடுக்கப்பட்டிருப்பதாகக் கண்டது.

அந்த விசித்திரத்தை நான் அந்த ஆகஸ்டு மாதத்திலேயே அனுபவித்திருந்தேன். வாசலில் நின்று கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, “என்ன சார், டவர் இல்லையா?” என்று கேட்ட பெரியவர், தம் பையனின் போனை வாங்கித் தந்தார். அது வேறு கம்பெனியின் இணைப்பு. காக்ஸ் துரையின் கையேடு, செல்லரித்த ஓரம் உட்பட, உடனே திறந்தது. வாணியம்பாடி என்ற பேர் வரும் பக்கத்தை நான் தேடிக்கொண்டிருக்கையில், அவர் மேஜைக்குத் திரும்பி அடுத்த தோலை விரித்தார்.